அசையாப் பொருள்களும் அசைந்த மனிதர்களும்

மனித உருவம் இல்லாமல் கனி, பூ, ரொட்டி, மீன், கண்ணாடிக் குவளை என்று பொருள்களை மட்டும் தீட்டும் ஓவிய வகையை நாம் தமிழில் 'அசையாப் பொருள் ஓவியம்' என்று எழுதி வருகிறோம். ஜேர்மன் மொழியில் அதன் பெயர் 'ஸ்டில்லேபன்'. ஓசையும் அசைவும் அடங்கிய வாழ்வு என்று பொருள் கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர் 'செத்த இயற்கை' என்கிறார்கள். இவை எல்லாம் பின்னால் வந்த பெயர்கள். இவ்வகை ஓவியம் ஜேர்மன் நகரங்களில் உருவான காலத்தில் அதற்குத் தனிப்பெயர் எதுவும் இருக்கவில்லை. ஜேர்மன் மொழியில் ஓவியர் வரலாற்றை விரிவாக எழுதிய யோவாகிம் ஃபொன் சாண்ட்ரார்ட்கூட 1675இல் 'அசையாமல் கிடக்கும் பொருள்கள்' என்ற வகையில்தான் அவற்றைக் குறிப்பிட்டார்.

தமிழ்ப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டத்தின் மொழியில் அசையாச் சொத்து என்றால் நிலமும் வீடும். இந்த ஓவியங்களில் இருப்பவையோ அத்தனையும் அசையும் சொத்து: ஒரு துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஓடக்கூடியவை. பர்மாத் தமிழருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 1930களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1948இன் நில தேசியமயச் சட்டத்தோடு அது முடிந்தது. (அந்த நிலம் பெரும்பாலும் உலகப் பொருளாதார மந்தத்தில் நொடிந்த பர்மிய உழவனின் கடனுக்கு ஈடாகக் கைமாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் எழுதுவது பாதி வரலாறுதான்.) 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1963இல் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவையாயின. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் பெருந்தொகையினர் தமிழர். கப்பலில் போனவர்கள் ரங்கூன் துறைமுகத்தினூடாகப் போனார்கள். விமானத்தில் போனவர்கள் நான் இன்று வசிக்கும் இந்த மிங்கலாடோனிலிருந்து ஏறினார்கள். நான் எஞ்சிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன்.

ஜேர்மன் அசையாப் பொருள் ஓவியத்தைப் பற்றி மிங்கலாடோனில் இருப்பவன் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பிராங்பேர்ட்டில் வாழும் என் தமக்கை மகளின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது ஷ்டேடெல் அருங்காட்சியகத்திற்குப் பலமுறை போனேன். பெரிய பெரிய ஓவியங்களுக்கு நடுவே கெயோர்க் ஃபிளேகெலின் 'ரொட்டியும் இனிப்புப் பண்டங்களும்' என்ற சிறிய படம் என்னை நிறுத்திவைத்தது. பின்பு அந்த ஓவியரையும் அவருடைய கூட்டாளிகளையும் பற்றி வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாயிற்று. ஜேர்மன் மண்ணில் இக்கலையைத் தனித்தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அகதிகள், அல்லது அகதிகளின் பிள்ளைகள், அல்லது அவர்களிடம் தொழில் பழகியவர்கள். கலை வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கின்றன. நம்மைப் போன்றவர்கள் அந்த வரியில் சற்று நின்றுதான் ஆகவேண்டும்.

நம் பக்கங்களில் அடிக்கடி எழும் ஒரு கருத்தோடும் இதற்குத் தொடர்புண்டு. ஊர் விட்டவன் தன் அடையாளச் சின்னங்களைக் காப்பாற்ற வேண்டும். குத்துவிளக்கு, நிறைகுடம், கோலம், தாலிக்கொடி ஆகியவற்றின் 'பொருளை' பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பண்பாடு தப்பிவிடும் என்பது அக்கருத்து. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குறியீட்டைவிடக் கைத்திறன் நீண்ட தூரம் பயணம் செய்கிறது என்பதே என் எண்ணம். அதற்குச் சான்றாகவே பிராங்பேர்ட்டையும் ஹனாவையும் இங்கே கொண்டுவருகிறேன்.

முதலில் முன்கதை. ஜேர்மன் நாட்டில் கிடைத்துள்ள இவ்வகை ஓவியங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1504ஆம் ஆண்டு தேதியிட்டது. செத்த கௌதாரி ஒன்றும் இரும்புக் கையுறைகளும் ஒரு அம்பும் சுவரில் தொங்குகின்றன. கீழே ஒட்டியது போலத் தீட்டப்பட்ட காகிதத் துண்டில் ஓவியரின் கையொப்பம். இன்று மியூனிக்கில் இருக்கும் இதைத் தீட்டியவர் யாகோபோ தெ பார்பாரி, ஜேர்மன் அரசவைகளில் வேலை செய்த வெனிஸ்காரர். அதே காலத்தில் நூரம்பேர்க்கின் ஆல்பிரெஹ்ட் டூரர் முயலையும் புல் முளைத்த மண்கட்டியையும் கொம்பு வண்டையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். பெரிய ஓவியங்களுக்கான பயிற்சி என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாதபடி அவை முழுமையானவை. 1562இல் மியூன்ஸ்டர் நகரத்து லுட்கெர் டொம் ரிங் பூச்சாடிகளைத் தனி ஓவியங்களாகத் தீட்டினார். ஐரோப்பாவில் தேதி குறித்த தனிப் பூ ஓவியங்களில் அவை முதல் வரிசையில் வருபவை. சாடியின் மேல் இலத்தீனில் ஒரு வாசகம்: சொல்லிலும் செடியிலும் கல்லிலும் கடவுள் இருக்கிறார் என்பது அதன் கருத்து. டொம் ரிங் புரொட்டஸ்தாந்துக்காரர். மியூன்ஸ்டர் கத்தோலிக்கர் பிடியில் இருந்தது. அவர் பிறகு பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

இனி அகதிகளின் வருகை. 1553இல் இங்கிலாந்தில் கத்தோலிக்க மேரி அரியணை ஏறியதும், அங்கே அடைக்கலம் பெற்றிருந்த பிரெஞ்சு பேசும் வலோன் நெசவாளர்கள் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். வலேரான் பூலேன் என்ற போதகரோடு 1554இல் பிராங்பேர்ட் வந்து சேர்ந்த கூட்டம் அது. முதலில் வழிபட ஒரு தேவாலயம் தரப்பட்டது. சில ஆண்டுகளில் உள்ளூர் லூத்தரன் போதகர்கள் கல்வினியர்களின் வழிபாட்டை எதிர்க்கத் தொடங்கினார்கள். 1560களின் தொடக்கத்தில் பொது வழிபாடு தடைப்பட்டது. ஒரு பகுதியினர் 1562இல் பிராங்கன்தால் போனார்கள். 1585 ஆகஸ்டில் அன்ற்வேர்ப் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. கத்தோலிக்கராக மாற விரும்பாதவர்கள் சொத்தை விற்று வெளியேற நான்கு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. நான்கு ஆண்டு முடிவில் அந்நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. போனவர்களில் வணிகர், பொற்கொல்லர், பட்டு நெய்பவர், சர்க்கரை காய்ச்சுபவர், ஓவியர் எல்லோரும் இருந்தார்கள். பிராங்பேர்ட்டுக்கு அடுத்த அலை இவ்வாறு வந்தது.

வந்தவர்களைப் பற்றி உள்ளூர்த் தொழிற்சங்கங்கள் சொன்ன குறைகள் உங்களுக்குப் புதிதல்ல: குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், வீட்டு வாடகையை ஏற்றிவிட்டார்கள், தங்களுக்குள்ளேயே கூடிக்கொள்கிறார்கள். 1590களில் வழிபாட்டுக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. அப்போது பக்கத்து ஹனாவின் பிரபு இரண்டாம் பிலிப் லுட்விக் அகதிகளோடு ஒரு ஒப்பந்தம் செய்தார். 1597 ஜூன் 1ஆம் தேதி கையெழுத்தானது. பிரபுவுக்கு வயது இருபதோ இருபத்தொன்றோதான். தங்கள் மொழியில் தங்கள் முறைப்படி வழிபடலாம், தொழில் செய்யலாம். பழைய ஊருக்குத் தெற்கே சதுரம் சதுரமாகத் தெருக்கள் அமைத்துப் புது நகரம் ஒன்று கட்டிக்கொள்ளலாம். இதுதான் புதிய ஹனாவ். 1600க்கும் 1608க்கும் இடையில் அவர்கள் கட்டிய தேவாலயம் விசித்திரமானது: பிரெஞ்சு பேசுபவர்களுக்கு ஒன்று, டச்சு பேசுபவர்களுக்கு ஒன்று என இரண்டு கூடங்கள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. ஒரே மதம், ஒரே துயரம், ஆனாலும் இரண்டு கூடம். புலம்பெயர்ந்த ஊர்களில் நம் சங்கங்களின் எண்ணிக்கையை நினைத்து நான் சிரித்துக்கொண்டேன். 1945 மார்ச் குண்டுவீச்சில் அது அழிந்தது. டச்சுக் கூடத்தை மட்டும் பின்பு திரும்பக் கட்டினார்கள். பெரிய கூடம் இடிபாடாகவே நிற்கிறது.

இந்தப் புதிய ஹனாவில்தான் டானியேல் சொரோவின் பட்டறை இருந்தது. அன்ற்வேர்ப்பிலிருந்து வந்த வலோன் குடும்பம். கம்பளி வணிகத்திலிருந்து ஓவியத்திற்கு வந்தவர். அவருடைய இரட்டைப் பிள்ளைகளான இசாக்கும் பீட்டரும் ஓவியர்களானார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து தொழில் பழக வந்த செபஸ்தியான் ஸ்டொஸ்கொப் 1619இல் ஆசிரியர் இறந்ததும் பட்டறையை நடத்தினார். அவரிடம் கொஞ்ச காலம் கற்ற சிறுவன்தான் மேலே சொன்ன சாண்ட்ரார்ட். அவனும் வலோன் அகதிக் குடும்பத்துப் பிள்ளை.

பிராங்பேர்ட்டின் ஃபிளேகெல் வேறு வழியாக வந்தவர். 1566இல் மொராவியாவின் ஓல்முட்ஸ் நகரில் செருப்புத் தைப்பவருக்குப் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அல்ல. இளம்வயதில் ஊரைவிட்டு ஆஸ்திரியா போய், லின்ட்ஸ் நகரில் லூக்காஸ் ஃபான் வால்க்கன்போர்க் என்ற நெதர்லாந்து ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வால்க்கன்போர்க்கும் மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி ஒருமுறை ஊர் துறந்தவரே. 1590களின் தொடக்கத்தில் இருவரும் பிராங்பேர்ட்டுக்கு வந்தார்கள். வால்க்கன்போர்க் 1597இல் இறந்தார். அதே ஆண்டில் ஃபிளேகெலுக்கு நகரக் குடியுரிமை கிடைத்தது. 1638இல் அங்கேயே இறந்தார்.

இவர்களுடைய தொழில்முறை கவனிக்கத்தக்கது. சந்தைக் காட்சி, பருவக் காட்சி, விருந்துக் காட்சி என்று வால்க்கன்போர்க் பெரிய ஓவியங்கள் செய்வார். மனிதர்களையும் பின்னணியையும் அவர் தீட்டுவார். முன்புறத்தில் கூடைகளில் இருக்கும் காய், கனி, பூ, மேசைமேல் இருக்கும் தட்டு, குவளை ஆகியவற்றை ஃபிளேகெல் தீட்டுவார். ஆசிரியர் இறந்தபின் ஃபிளேகெல் செய்ததெல்லாம் இதுதான்: சந்தைக்காரியையும் வாங்க வந்த சீமாட்டியையும் படத்திலிருந்து அனுப்பிவிட்டு, தன் பங்கான மேசையை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு தனிக்கலை பிறந்தது கூலிக்குச் செய்த ஓரவேலையிலிருந்து. பிராக் நகரில் இருக்கும் அவருடைய அலமாரி ஓவியம் 1610ஐ ஒட்டியது. பூவும் கனியும் கிண்ணங்களும் தட்டுகளில் அடுக்கப்பட்டு, கதவைத் திறந்ததும் தெரிவது போல நிற்கின்றன. ஆளைக் காணோம்.

கைத்திறன் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பலகை பெரும்பாலும் ஓக் மரம். சில வேளை செப்புத் தகடு. மரத்தில் சுண்ணத்தூளையும் விலங்குப் பசையையும் கலந்து பூசி, காயவிட்டு, வழவழவென்று தேய்ப்பார்கள். அதன்மேல் மெல்லிய சாம்பல் அல்லது தவிட்டு நிறப் பூச்சு. பிறகு கோட்டுருவம். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் மங்கலான அடிநிறம். கடைசியில்தான் ஒளி ஊடுருவும் மெல்லிய எண்ணெய்ப் படலங்கள், ஒன்று காய்ந்தபின் ஒன்று. திராட்சையின் தோலுக்குள் வெளிச்சம் தேங்கி நிற்பது போலத் தோன்றுவது இதனால்தான்: வெளிச்சம் படலங்களைக் கடந்து உள்ளே போய் வெள்ளை அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வருகிறது. ரொட்டியின் மேலோட்டுக்கு இம்முறை உதவாது. அங்கே ஈய வெள்ளையைத் தடிப்பாக, ஈரத்தின்மேல் ஈரமாக வைத்துச் சொரசொரப்பை உண்டாக்குகிறார்கள். ஒரே படத்தில் பொருளுக்குப் பொருள் தூரிகையின் நடை மாறுகிறது.

சிவப்பு மெருகுக்கு அவர்கள் பயன்படுத்திய சாந்துகளுக்கு ஐரோப்பிய மொழிகளில் பொதுப்பெயர் 'லாக்'. நம்முடைய இலாட்சை, அதாவது அரக்கு என்ற சொல்லின் வழி வந்த பெயர் அது. அரக்கு இந்தியாவிலிருந்தும் இங்கே பேகு நாட்டிலிருந்தும் கடல் கடந்து போயிற்று. ஃபிளேகெல் காலத்தில் மெக்சிக்கோவின் கொச்சினீல் பூச்சி அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. சரக்கு மாறியும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பச்சை இவர்களுக்குத் தொல்லை தந்த நிறம். நீலத்தின்மேல் செடிச்சாற்று மஞ்சளைப் பூசிப் பச்சையாக்கிய இலைகளில் காலப்போக்கில் மஞ்சள் வெளிறிப் போய் நீலம் மட்டும் எஞ்சியது. அக்காலப் பூ ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலமாக இருப்பது ஓவியரின் கற்பனை அன்று, வேதியியல். எலுமிச்சைத் தோலின் பளபளப்புக்கும் பித்தளையின் மினுக்கத்துக்கும் அவர்கள் வைத்த மஞ்சளின் கதை இன்னும் சுவையானது. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துச் சூளையில் வறுத்துச் செய்யும் மஞ்சள் அது. முந்நூறு நானூறு ஆண்டுகள் ஐரோப்பா முழுவதும் புழங்கிய அந்தச் சாந்து, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவிடப்பட்டது, செய்முறையும் மறந்துபோனது. அப்படி ஒரு பொருள் இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. 1941இல் மியூனிக்கில் ரிஹார்ட் யாக்கோபி என்ற ஆய்வாளர் பழைய ஓவியங்களின் மஞ்சளில் வெள்ளீயம் இருப்பதைக் கண்டபோதுதான் அது மீண்டும் வெளிவந்தது. எலுமிச்சம்பழம் எதைக் குறிக்கிறது என்று எழுதியவர்களுக்கு அந்த இருநூறு ஆண்டுகளில் பஞ்சமில்லை. அதை எதனால் தீட்டினார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

பொருள்களை வைக்கும் முறையும் சொல்லத்தக்கது. முந்திய தலைமுறையின் மேசை சற்றே நம் பக்கம் சாய்ந்திருக்கும். மேலிருந்து பார்ப்பது போன்ற கோணம். ஒரு தட்டு இன்னொன்றை அதிகம் மறைக்காது. சீர்வரிசைத் தட்டுகளைப் பாயில் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்று இடைவெளி விடுவோமே, அப்படி. அடுத்த தலைமுறையில் கோணம் தாழ்ந்து, பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வெளிச்சமும் நிழலும் அவற்றைக் கோக்கத் தொடங்கின. ஸ்டொஸ்கொப் 1644இல் தீட்டிய கண்ணாடிக் குவளைக் கூடை இதன் உச்சம்: நிறமே இல்லாத பொருளை இருட்டுக்கு முன்னால் சில வெள்ளைக் கீற்றுகளால் நிறுத்திக் காட்டுகிறார். ஹனாவ் பட்டறையில் மாதிரிகள் பொதுச்சொத்து. ஒரே திராட்சைக் கூடை, ஒரே பூங்கொத்து வெவ்வேறு கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதனால் கையொப்பமற்ற படங்களை யார் தீட்டியது என்று சொல்ல நிபுணர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள்.

இனிக் குறியீடு. இந்த ஓவியங்களுக்கு அடியில் எழுதிவைக்கப்படும் விளக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ரொட்டியும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும். வால்நட் கொட்டைக்குப் புனித அகுஸ்தீன் வழிவந்த விளக்கம்: பச்சைத்தோல் கிறிஸ்துவின் உடல், ஓடு சிலுவை மரம், பருப்பு இறைமை. வண்ணத்துப்பூச்சி ஆன்மா. ஈ அழிவு. அணையப்போகும் மெழுகுதிரி வாழ்நாள். கார்னேஷன் பூ சிலுவையில் அறைந்த ஆணி. ஏனென்றால் ஜேர்மன் மொழியில் அதன் பெயர் 'நெல்க்கெ', சிற்றாணி என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் கிராம்புக்கும் ஜேர்மனில் அதே பெயர்தான். கிராம்பு உருவத்தில் ஆணி போல இருப்பதால் அப்பெயர் பெற்றது, பூ கிராம்பு போல மணப்பதால் அதையே வாங்கிக்கொண்டது. மொலுக்கஸ் தீவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு ஒன்று ஜேர்மன் தோட்டத்துப் பூவுக்குச் சிலுவையை அளித்த கதை இது.

இவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டொஸ்கொப் 1641இல் தீட்டிய பெரிய நிலையாமை ஓவியத்தில் மண்டையோடும் மணற்கடிகையும் வெளிப்படையாகவே பேசுகின்றன. முப்பதாண்டுப் போருக்கு நடுவே தீட்டிய படம், அதை யாரும் அவிழ்த்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடிக் குவளையின் வயிற்றில் நாலு கட்டமாக ஒரு வெளிச்சம் தெரியும். பட்டறைச் சன்னலின் பிரதிபலிப்பு. அதன் குறுக்குச் சட்டத்தைச் சிலுவை என்று விளக்குபவர்கள் உண்டு. சன்னலுக்கு எதிரே குவளையை வைத்துத் தீட்டுபவன் வேறு எதைத் தீட்டுவான்? ஈயும் அப்படித்தான். தன் ஆசிரியர் சிமாபுவே தீட்டிய முகத்தின் மூக்கில் இளைஞன் ஜோத்தோ ஓர் ஈயைத் தீட்டிவைக்க, ஆசிரியர் அதை விரட்டக் கையை வீசினார் என்ற கதை ஓவியர்கள் அனைவரும் அறிந்தது. ஃபிளேகெலின் ஈ அழிவைச் சொல்லலாம். 'என் கை எப்படி, பார்த்தாயா' என்றும் சொல்லலாம்.

அன்றாடப் பொருளுக்குள் மறைந்திருக்கும் குறியீடு என்ற கோட்பாட்டை நெதர்லாந்து ஓவியங்களை முன்வைத்து வலுவாக நிறுவியவர் எர்வின் பனொஃப்ஸ்கி. 1934 கட்டுரையிலும் 1953 நூலிலும் அதைக் காணலாம். அவரே ஓர் அகதி. யூதர் என்பதால் 1933இல் ஹம்பேர்க் பல்கலைக்கழகப் பதவியை இழந்து அமெரிக்கா சென்றவர். இழந்த வீட்டின் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் உட்பொருள் இருந்தாக வேண்டும் என்ற ஏக்கம் அவருக்குள் இருந்ததா என்று கேட்பது ஆய்வு ஆகாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் இதற்கு எதிராக வந்தார்: ஒல்லாந்து ஓவியம் உலகத்தை விவரிக்கும் கலை, மறைபொருளைப் புதைத்து வைத்த பெட்டி அல்ல என்றார். நான் இரண்டாமவர் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறேன்.

என் காரணம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்தில், சிவப்புத் துணி கட்டிய ஒரு தேங்காய் மாடத்தில் எப்போதும் இருக்கும். அது வீட்டுக் காவல் தெய்வமான மஹாகிரி நாட்டுக்கு உரியது. அந்த வீட்டுப் பாட்டியாரைக் கேட்டால் தயங்காமல் பதில் வரும்: அவர் தீயில் எரிக்கப்பட்டவர், இளநீர் அவர் சூட்டைத் தணிக்கும். விழா நாளில் தேங்காயை நடுவில் வைத்துச் சுற்றி வாழைச்சீப்புகளை அடுக்கித் தபியே தழை செருகும் தட்டுக்கும் இப்படியே ஒரு விடை உண்டு. குறியீடு உயிரோடு இருப்பது கேட்டால் சொல்ல ஆள் இருக்கும் இடத்தில். ஃபிளேகெலின் மேசைக்கு முன்னால் அப்படிப் பதில் சொல்ல ஒரு பாட்டியாரும் இல்லை. நாம் நிகண்டைப் புரட்டி ஊகிக்கிறோம்.

இங்கே ஒரு பெண்ணை நினைவுகூர வேண்டும். ஃபிளேகெலிடம் தொழில் பழகிய யாக்கோப் மாரெல், அகதிகளின் ஊரான பிராங்கன்தாலில் பிறந்தவர். அவர் 1651இல் மணந்த விதவையின் சிறு மகள் மரியா சிபில்லா மேரியான். சிற்றப்பனிடம் பூவும் பூச்சியும் தீட்டக் கற்ற அவள், வண்ணத்துப்பூச்சியை ஆன்மா என்று விட்டுவிடவில்லை. அது எந்தப் புழுவிலிருந்து வருகிறது, அந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது என்று பார்த்தாள். 1699இல் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறி, 1705இல் நூலை வெளியிட்டாள். அதில் நம் மயில்கொன்றையும் உண்டு. எங்கள் தெரு வேலிகளில் பூக்கும் அதே செடி. அதன் விதையை அடிமைப் பெண்கள் கருவைக் கலைக்க உண்கிறார்கள், தங்கள் பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கக்கூடாது என்பதற்காக. இதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள் என்று எழுதினாள். பிராங்பேர்ட் மேசையில் ஃபிளேகெல் வைத்த சர்க்கரைப் பண்டங்கள் சுவர்க்கத்தின் இனிமையைக் குறிக்கின்றன என்று எழுதியவர்கள், சர்க்கரை எந்தத் தோட்டத்தில் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று எழுதவில்லை. மொரிசியஸ், நாட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய இனம் அதைக் கேட்காமல் இருக்கலாகாது.

இந்த ஓவியங்கள் மௌனமானவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1614 ஆகஸ்டில் பிராங்பேர்ட்டின் யூதர் தெருவைக் கும்பல் சூறையாடி, யூதர்களை நகரத்தைவிட்டு விரட்டியது. ஃபிளேகெல் அப்போது அதே நகரத்தில் இருந்தார். 1631இல் சுவீடன் படை நுழைந்தது, 1635இல் கொள்ளைநோய். மேசைமேல் செர்ரிப் பழங்கள் தொடர்ந்து சிவந்தபடியே இருந்தன. அடைக்கலம் பெற்றவனின் எச்சரிக்கை உணர்வு என்று இதைச் சொல்லலாம். வாங்குபவன் விரும்பியதைச் செய்த தொழிலாளியின் நிலை என்றும் சொல்லலாம். இதில் எனக்கு ஒரு முடிவு இல்லை. நண்பர்கள் எழுதட்டும்.

என் வாதத்திற்குத் திரும்புகிறேன். அன்ற்வேர்ப்பிலிருந்து புறப்பட்டவர்கள் எடுத்துப்போனதில் நிலைத்தது எது? வீடுகள் விற்கப்பட்டன, பெரும்பாலும் அடிமாட்டு விலைக்கு. பட்டும் வெள்ளிப் பாத்திரமும் வழிச்செலவுக்குப் போயின. சொரோ பட்டறையில் நிலைத்தது அடிப்பூச்சைத் தேய்க்கும் விதமும் திராட்சையின்மேல் படலம் வைக்கும் விதமும். அதைக் கத்தோலிக்கனும் கற்றான், லூத்தரனும் கற்றான். ஸ்ட்ராஸ்பூர்க்குப் பையன் ஒருவன் அதைப் பாரிஸ்வரை கொண்டுபோனான். ஹனாவ் ஊர் பொற்கொல்லர் ஊராக நிலைபெற்று, 1772இல் தொடங்கிய அதன் வரைகலைப் பள்ளி இன்றும் நடக்கிறது.

1964க்குப் பின் பர்மாவிலிருந்து புறப்பட்ட நம்மவர்களின் பெட்டிகளும் மேசைகளில் திறந்து பரப்பப்பட்டன. நகைக்கும் பணத்துக்கும் கடும் கட்டுப்பாடு. தாலி, வெள்ளிக் குங்குமச் சிமிழ், பித்தளை விளக்கு, பர்மிய அரக்குப் பெட்டி, பட்டு லுங்கி என்று அந்த மேசைகளில் கிடந்தவற்றை ஒரு ஃபிளேகெல் தீட்டியிருந்தால் அடியில் எழுத விளக்கங்களுக்குக் குறைவிருந்திராது. அவற்றில் பல மறுகரை சேரவில்லை. சேர்ந்தவற்றில் பலவும் திருச்சியிலும் வியாசர்பாடியிலும் அடகுக்கடைக்குப் போயின.

எந்தப் பரிசோதகரின் கண்ணிலும் படாமல் போன ஒன்று உண்டு. சென்னைப் பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலையானால் வண்டிக்கடைகளில் அத்தோ விற்கிறார்கள். நூடுல்ஸோடு நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ. பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட மொயிங்கா. சாப்பிடுபவர்களில் பாதிப்பேருக்குப் பர்மா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. விற்கும் பையன்களில் பலர் ரங்கூனைப் பார்த்திராத மூன்றாம் தலைமுறை. புளியின் அளவும் மிளகாயின் அளவும் கையில் இருக்கின்றன. அத்தோ என்பது பர்மியச் சொல்லான 'அதோக்'கின் திரிபு. அது எந்தப் பண்டத்தின் பெயரும் அன்று. கையால் பிசைந்து கலப்பது என்பது அதன் பொருள்.